குமரிக் கரைக்கு வந்த வெளிநாட்டு உதவி: முட்டத்து வள்ளத்திடம் சுற்றுலா கற்க வேண்டியது

கன்னியாகுமரிக்கு வரும் பயணி செலவழிக்கும் பணத்தைப் பின்தொடர்ந்து போனால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். சூரிய உதயம் இலவசம். அப்புறம் படகுத்துறை வரிசை. பாறைக்குப் போகும் படகுகளை இயக்குவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், டிக்கெட் பணம் அங்கே போகிறது. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இணைத்துவிட்டதால், இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். அறை வாடகை லாட்ஜுக்கு, சாப்பாட்டுக் காசு ஓட்டலுக்கு. வேன் பெரும்பாலும் கிளம்பிய ஊரிலிருந்தே வந்தது. சாயங்காலம் ஒரு சங்கு, ஒரு பாசிமாலை, வண்ண மணல் பொட்டலம். மறுநாள் திருவனந்தபுரமோ ராமேஸ்வரமோ போயாகிவிடும். படகுத்துறையை ஒட்டியே வாவத்துறை மீனவர் குடியிருப்பு இருக்கிறது. இந்தப் பணம் அந்தத் தெருவுக்குள் எந்த வழியாக நுழைய முடியும், அதற்கு வெளிநாட்டு ஒத்துழைப்பு உதவுமா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

உலக அரங்கில் பேச்சுக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.9 என்ற எண்ணுள்ளது நேரடியாக இதைப் பற்றியது: உள்ளூரில் வேலை உண்டாக்கி, உள்ளூர்ப் பண்பாட்டையும் விளைபொருளையும் வளர்க்கும் சுற்றுலாவுக்கு 2030-க்குள் கொள்கை வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும். 2017-ஐ வளர்ச்சிக்கான நீடித்த சுற்றுலா ஆண்டாக அறிவித்துக் கொண்டாடினார்கள். மாட்ரிட்டில் இருக்கும் ஐநா சுற்றுலா அமைப்பு 2021 முதல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுக்கிறது. தெலங்கானாவின் போச்சம்பள்ளியும் குஜராத்தின் தோர்டோவும் அப்படித் தேர்வானவை. போட்டிக்கு வரும் கிராமத்தில் 15,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்று பதிவான குமரி மாவட்டத்தில், ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிப்பதே கஷ்டம். மாட்ரிட்டில் உட்கார்ந்து விதி எழுதியவர்கள் நம் கடற்கரைச் சாலையில் ஒருமுறை பஸ்ஸில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாவட்டத்துக்குப் பட்டங்களும் குறைவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. நம் மேற்கு மலைகளையும் உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் சேர்ந்தது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-இல், ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தமான ராம்சரின் பட்டியலில் ஏறி, ராம்சர் தலமானது. பணமும் வந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட 4 மாநிலங்களின் சுற்றுலாக் கட்டமைப்புக்கு 25 கோடி டாலர் வரை கடன் தர ஆசிய வளர்ச்சி வங்கி 2010-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவதற்கும் ஊரில் அடுப்பு எரிவதற்கும் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

அந்தக் கண்ணியை இதே மாவட்டத்தில் ஒருமுறை கோத்துக் காட்டியிருக்கிறார்கள். சுற்றுலாவில் இல்லை, மீன்பிடித் தொழிலில்.

முட்டத்தில் நடந்தது

1970-களில் குமரிக் கடற்கரைக்கு இரண்டு நெருக்கடிகள். கட்டுமரத்துக்கு வேண்டிய எடை குறைந்த மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. இன்னொரு பக்கம் இழுவைப் படகுகள் பெருகின. கேரளத்தின் நீண்டகரையில் 1950-களில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் இயந்திரப் படகுக் காலத்துக்கு வழி திறந்துவிட்டது. துறைமுகம் இருக்கும் ஊருக்கு அது சரி. குமரியின் பெரும்பாலான கடற்கரை ஊர்களில் துறைமுகம் கிடையாது. அலையை வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும், திரும்பி வந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கரையேற்ற வேண்டும். கனமான படகு அங்கே உதவாது.

கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கத்தோடு சேர்ந்து, முட்டம் என்ற கடற்கரை ஊரில் இந்தச் சிக்கலில் இறங்கியவர் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர். பிரிட்டனிலிருந்து இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவின் படகு வடிவமைப்பாளர்கள் துணைக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த முறை எளிமையானது. கடல் நீர் தாங்கும் பிளைவுட் பலகைகளை அளவாக அறுத்து, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் பிசினும் கண்ணாடியிழையும் பூசி இறுக்குவது. பெரிய தச்சுப் பட்டறை வேண்டாம், பெருமரம் வேண்டாம்.

சொல்லும்போது சுலபம். நடந்தது அப்படியில்லை. பிரிட்டனில் வரைந்த வடிவம் முட்டத்து அலைக்குச் சரிப்படவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குறை சொன்னார்கள்: இங்கே கால் வைக்க இடமில்லை, வலை வைத்தால் தூக்குகிறது, கரையேற்றும்போது அடி தேய்கிறது என்று. ஒவ்வொரு குறைக்கும் வடிவம் மாறியது. வருடங்கள் ஓடின. நன்கொடை கொடுத்தவர்களுக்கு இந்த வேகம் பிடித்திருக்காது. ஆனால் அந்த மெதுவான காலத்தில்தான் படகு மீனவருடையதாக ஆனது. முட்டத்துப் படகுக் கட்டுமிடத்தில் வேலை கற்றவர்கள் உள்ளூர் இளைஞர்கள். 1980-களில் வெளிப்பொருத்து எஞ்சின் வந்தபோது, அதைத் தாங்கும் வள்ளம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பிறகு ஆயிரக்கணக்கான பிளைவுட் வள்ளங்கள் குமரியிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் கடலில் இறங்கின. இன்று ஃபைபர் படகு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது, அது வேறு கதை.

படகைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்னால் இருந்த கணக்குப் புத்தகம். ஊர்தோறும் மீனவர் சங்கம், அவை சேர்ந்து மாவட்டக் கூட்டமைப்பு, அதற்கு மேல் 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. கரைக்கு வரும் மீனை முன்பு ஏலம் கூறியது தரகர். கடன் கொடுத்தவரும் அவரே, விலை சொல்வதும் அவரே. சங்கம் வந்த பிறகு ஏலத்தைச் சங்கம் நடத்தியது. விற்ற தொகையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. மீன் நிறையப் பட்ட நாளில் அதிகம் பிடிக்கும், படாத நாளில் பிடித்தமே இருக்காது. வங்கியின் மாதத் தவணைக்குக் கடல் கட்டுப்படாது என்பதை அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது. வெளிநாட்டுப் பணம் குறைந்த பின்னும் அமைப்பு நின்றதற்குக் காரணம், முதல் விற்பனை நடக்கும் இடம் சங்கத்தின் கையில் இருந்ததுதான்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இதே கரைக்கு மறுபடியும் வெளிநாட்டு உதவி வந்தது. இந்த முறை அவசரமாக. குளச்சலும் மணக்குடியும் சிதைந்து கிடந்தன. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையிலிருந்த பாலமே அடித்துப் போயிருந்தது. வீடு தேவைப்பட்டது, வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படகு விஷயத்தில் தமிழகக் கரையில் பல இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் இறங்கின, சிலவற்றின் தரம் மோசம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நிதியாண்டு முடிவதற்குள் தன் பெயர் எழுதிய படகைக் கடலில் காட்ட வேண்டியிருந்தது. எத்தனை படகு வேண்டும் என்று கேட்டு முடிவு செய்ய ஊருக்கு நேரம் தரவில்லை. இருபத்தைந்து வருட இடைவெளியில் ஒரே கரை, ஏறக்குறைய ஒரே பொருள், இரண்டு விதமான உதவி. குமரிச் சுற்றுலாவுக்கு வெளிநாட்டு நிதி கேட்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய ஒப்பீடு இதுதான் என்பேன்.

எல்லைக்கு அப்பால்

சுற்றுலாவிலும் இப்படிச் செய்ய முடியுமா? களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு பதில் இருக்கிறது. 2002-இல் கேப்டவுனில் பொறுப்புச் சுற்றுலாப் பிரகடனம் வெளியானது. கேரளம் அதைக் கையில் எடுத்து 2008-இல் கொச்சியில் உலக மாநாடு நடத்தியது. அதே காலத்தில் குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் என்ற நான்கு இடங்களில் சோதனையையும் தொடங்கியது. வேம்பநாட்டுக் காயல் கரையிலிருக்கும் குமரகத்தில் செய்தது பெரிய வித்தையில்லை. தங்கும் விடுதிகள் வாங்கும் காய்கறி, முட்டை, மீன், தேங்காயில் ஒரு பங்கை உள்ளூர்க் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடமும் விவசாயிகளிடமும் வாங்க ஒப்புக்கொள்ள வைத்தார்கள். விலையை இரு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்தன. ஊராட்சி நடுவில் நின்றது. பிறகு கயிறு திரிப்பதையும் பாய் முடைவதையும் காட்டும் கிராமச் சுற்று வந்தது. ஐநா சுற்றுலா அமைப்பு 2013-ஆம் ஆண்டுக்கான யுலிஸிஸ் விருதைக் குமரகத் திட்டத்துக்குக் கொடுத்தது.

நான்கு இடங்களிலும் ஒரே மாதிரி பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குமரகம் முன்னே போனது, கோவளம் பின்தங்கியது. ஒரு பக்கம் சில பெரிய விடுதிகளும் உறுதியான ஊராட்சியும், மறுபக்கம் கடற்கரை நெடுக நூறு சிறு கடைகளும் விடுதிகளும். யாரோடு ஒப்பந்தம் போடுவது என்பதே அங்கே சிக்கல். கன்னியாகுமரி நகரம் குமரகத்தைவிடக் கோவளத்துக்குத்தான் நெருக்கம், கிலோமீட்டரில் மட்டுமல்ல.

தேரூர்க் குளம்

பட்டம் கிடைத்தும் பயன் எட்டாத இடத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு தேரூர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர். சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும் நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் தரப் பிறந்தவை. மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று அறிஞர்கள் சொல்லும் 30 நாடுகளின் வான்வழியில் வடகிழக்குப் பருவ மாதங்களில் வலசை வரும் பறவைகள் இங்கே இறங்குகின்றன. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் சாலையோரம் நின்றே பார்க்கலாம். சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டில் இந்தியாவின் ராம்சர் தலங்களை 75 ஆக்கிய பட்டியலில், 94.23 ஹெக்டேர் பரப்புள்ள இந்தத் தொகுதியும் ஒன்று.

அந்தச் ‘சாலையோரம்’தான் பிரச்சினை. நெடுஞ்சாலையில் காரை ஓரங்கட்டி, கேமராவை நீட்டி, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். பறவைக்கு இரையும் நீரும் கொடுப்பது குளமும் வயலும். குளத்தைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதுவது விவசாயி. மீன்பாசிக் குத்தகை எடுப்பவரும் உள்ளூர்க்காரர். படம் எடுத்துப் போகிறவரிடமிருந்து இவர்களுக்கு ஒரு டீக்காசுகூட வருவதில்லை.

ராம்சர் ஒப்பந்தம் என்றாலே தடை என்று ஒரு பயம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் அடிப்படைக் கொள்கையே ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்துவது. பாசனமும் மீன்பிடிப்பும் அதற்குள் அடக்கம். 2012-இல் புகாரெஸ்ட் மாநாட்டில் ஈரநிலங்களும் சுற்றுலாவும் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றினார்கள். பட்டம் வந்ததும் பணம் தானாக வராது, அதுவும் உண்மை. ஆனால் கதவைத் தட்டும் தகுதி வருகிறது. அந்தத் தகுதியை வைத்து யார் தட்டப் போகிறார்கள்? வனத்துறை தட்டினால் காட்சிக் கோபுரம் வரும். பாசன விவசாயிகளும் மீன்பாசிக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்த ஒரு குழு தட்டினால், வழிகாட்டிப் பயிற்சியும் நுழைவுக் கட்டணத்தில் குளப் பராமரிப்புக்கு ஒரு பங்கும் கேட்கலாம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு வரும் கூட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. விடிகாலையில் குளம், பிறகு கோயில், பிறகு தேரூரில் ஒரு வீட்டில் காலை உணவு என்று ஒரு பாதி நாளை அமைக்கப் புதிதாக ஒரு கட்டடமும் வேண்டாம்.

கரைக்கு நீலக்கொடி, மலைக்கு என்ன?

கடற்கரை என்றவுடன் நீலக்கொடி என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரும் சான்று அது. தமிழ்நாட்டில் முதலில் 2021-இல் பெற்றது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். மேலே சொன்ன கேரளக் கோவளமும் நம் குமரிக் கோவளமும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிக்கும் நீரின் தரத்தைச் சோதிப்பது, கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் இந்த அளவுகோல்கள் குளிக்க வருபவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குமரிக் கரையின் மணல் தொழிலிடம். வள்ளம் ஏற்றுவதும் வலை காயப்போடுவதும் ஏலம் நடப்பதும் அங்கேதான். சொத்தவிளை போன்ற, மக்கள் பொழுதுபோக்க வரும் கடற்கரையில் நீலக்கொடியை யோசிக்கலாம். மீனவர் குடியிருப்பை ஒட்டிய கரையில் அதைக் கொண்டுபோய் நட்டால், கொடிக்காகப் படகை நகர்த்தச் சொல்வதாக முடியும். நீலக்கொடிக் கடற்கரை வசதிகளுக்காக 2020-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைத் தளர்த்தியதை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துறைமுகத் திட்டத்துக்கு எதிராகக் கீழமணக்குடியும் கோவளமும் திரண்டது பழைய கதையாகவில்லை. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் ஏற்ற சிறுதொழில் மீன்பிடி வழிகாட்டு நெறிகள், பெரிய திட்டங்களுக்கு முன் மீனவச் சமூகத்தைக் கலந்து பேசச் சொல்கின்றன. சுற்றுலாத் துறையினரின் மேசையில் இந்த ஆவணமும் இருக்க வேண்டும்.

மலையில் பேச வேண்டியது காணிக்காரர்களைப் பற்றி. கேரளப் பகுதி அகத்தியமலையில் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா ஒரு மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசியிடம் 10 லட்ச ரூபாய் உரிமக் கட்டணமும் 2 சதவீத ராயல்டியும் பெற்று, அதில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். 1992-இன் பல்லுயிர் ஒப்பந்தம் சொன்ன பலன் பகிர்வுக்கு உலகமே மேற்கோள் காட்டிய முன்மாதிரி இது. அதன் ஓட்டைகளும் தெரிந்தவைதான். எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் முன்கூட்டிக் கேட்கவில்லை. செடியை வளர்த்து விற்க வனத்துறை விதிகள் இடம் கொடுக்கவில்லை. பணத்தில் பங்கு கிடைத்தது, தொழிலில் கிடைக்கவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள தச்சமலை, மோதிரமலைப் பக்கம் சூழல் சுற்றுலா பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். காணி இளைஞரை வழிகாட்டியாகத் தினக்கூலிக்கு வைப்பது ஒன்று. எத்தனை பேர், எந்த மாதம், எந்தப் பாதையில் வரலாம் என்று முடிவெடுக்கும் உரிமையைக் கிராமசபைக்குத் தருவது வேறு. 2006-இன் வன உரிமைச் சட்டம் இரண்டாவதற்கு வழி வைத்திருக்கிறது.

பத்மநாபபுரத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே முதலில் வேண்டியது சர்வதேச ஒத்துழைப்பு அல்ல, இரு மாநில ஒத்துழைப்பு. பக்கத்து உதயகிரிக் கோட்டையில் நிலைமை வேறு. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. நெதர்லாந்து அரசு தன் வரலாற்றோடு தொடர்புள்ள நாடுகளுடன் பாரம்பரியப் பாதுகாப்பில் ஒத்துழைப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது, இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்லறையைப் புதுப்பிப்பதோடு நிற்காமல், தக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆவணக் காப்பிலும் வழிகாட்டுதலிலும் பயிற்சி கேட்டால் கிடைக்க வாய்ப்புள்ள இடம் இது.

எங்கே தொடங்குவது

கன்னியாகுமரி, நாகர்கோவில் விடுதிகளின் சமையலறையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கணிப்பு. கொடுக்க இங்கே பொருள் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் இருக்கிறது. குமரி மலைக் கிராம்பு இருக்கிறது. வரவேற்பறைக்குத் தோவாளைப் பூ, அதிலும் குறியீடு பெற்ற மாணிக்கமாலை. கட்டுமரக்காரர் தூண்டிலில் பிடித்த மீன் இருக்கிறது. குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதைவிட, காலை உணவுத் தட்டில் ஒரு மட்டிப்பழம் வைப்பது விவசாயிக்கு உதவும். ஏலம் நடத்திப் பழகிய மீனவர் சங்கங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. புதிதாக ஓர் அமைப்பை உருவாக்கி அதற்குச் சுருக்கப் பெயர் சூட்ட வேண்டிய அவசியமில்லை. கேரளக் கோவளத்தின் சிக்கலைத் தவிர்க்க, எல்லா விடுதிகளையும் ஒரேயடியாகச் சேர்க்க முயலாமல், நாலைந்து விடுதிகளோடு ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். வடிவம் அங்கே அடிபட்டு மாறட்டும், முட்டத்து வள்ளம் மாறியதைப் போல.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பணம் கைமாறும் நாள். மீனவருக்கு ஏலத் தொகை அன்றன்றைக்கு வேண்டும், பெண்கள் குழுவுக்கு வாரக் கடைசியில் வேண்டும். விடுதிக் கணக்காளர் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து, அடுத்த மாதம் செக் எழுதுவார். இந்த இடைவெளியைத் தாங்கத் தரகரிடம் ரொக்கம் இருக்கிறது, சங்கத்திடம் இல்லை. அதனால்தான் விடுதி வியாபாரம் தரகர் கையில் இருக்கிறது. வெளிநாட்டு நிதி வந்தால் அதன் முதல் ரூபாய் போக வேண்டிய இடம் இதுதான்: சங்கத்தின் பெயரில் ஒரு சுழல்நிதி, நாற்பத்தைந்து நாள் கடனைத் தாங்கும் அளவுக்கு. நுழைவாயில் வளைவு கட்ட ஆகும் செலவில் இதைச் செய்துவிடலாம். வளைவில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க முடியும், சுழல்நிதியில் முடியாது. எனவே நிதி தருபவரிடம் இதைப் பேசிச் சம்மதிக்க வைப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. அது திட்ட அறிக்கையின் கடைசிப் பக்க இணைப்பாகப் போகாமல் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.